பாதி வீட்டுக் கரண்ட்

மாஸ்க்கின் ரப்பர் நாடா மாமியாரின் நரைமுடியில் சுற்றிக்கொண்டு வரவில்லை. இழுத்தால் வலிக்குமே என்று நிலக்ஷியின் கை ஒருகணம் தயங்கியது. இனி வலிக்காது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கைக்கூட அவள் இன்னும் அவிழ்க்கவில்லை. பகல் தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சோறு தின்ன வந்தவள், கூடையை வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, "அத்தை, மருந்து புடிச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைந்தாள். லெட்சுமி கட்டிலில் சுவரோடு சாய்ந்து, மூக்கின்மேல் மாஸ்க் இருக்க, கண்ணைப் பாதி திறந்தபடி போயிருந்தாள். கழுத்தடியில் தொட்டால் சூடு இன்னும் இருந்தது.

நாடாவை மெல்லப் பிரித்து எடுத்தாள். மாஸ்க்கின் கீழ்க் கிண்ணத்தில் மருந்து பாதி அப்படியே நின்றது. மருந்தை ஆவியாக்கும் மிஷினைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. அதன் பிளக் கட்டிலுக்கடியில் எதிலும் சொருகப்படாமல் மல்லாந்து கிடந்தது. பக்கத்து அறையான கடைக் காம்பராவிலிருந்து கரண்ட் கொண்டுவரும் நீட்டு வயரைக் காணோம்.

நிலைப்படியில் நின்று அந்தக் காம்பராவை எட்டிப் பார்த்தாள். சுவரிலிருந்த ஒரே பிளக்கில் ஃப்ரீசர் ஓடிக்கொண்டிருந்தது. நீட்டு வயர் அழகாகச் சுருட்டி முடிச்சுப் போட்டு ஃப்ரீசரின் மூடிமேல் வைக்கப்பட்டிருந்தது.

புயல் அடித்து ஓய்ந்ததிலிருந்து தோட்டத்து லயத்தில் இந்தக் கூத்துதான். மேட்டில் சவுக்கு மரம் விழுந்து கம்பிகள் அறுந்தன. வந்த கரண்ட்காரர்கள் ஒரு கம்பியை மட்டும் இழுத்துக் கட்டிவிட்டு, மற்றதற்குச் சாமான் வரவேண்டும் என்று போனார்கள். மலை முழுக்க மரம் விழுந்து கிடக்கும்போது யாரைப் போய்க் குறை சொல்வது? அன்றுமுதல் ஒரு காம்பராவில் பல்பு எரிந்தால் அடுத்த காம்பராவில் இருட்டு. நிலக்ஷியின் வீடு, இரண்டு காம்பராவை நடுச்சுவரை இடித்து நிலை வைத்து ஒன்றாக்கியது. ரோட்டைப் பார்த்த காம்பராவில் புருஷன் கஜேந்திரன் கடை வைத்திருந்தான். அதற்குக் கரண்ட் இருந்தது. மாமியார் படுத்திருந்த காம்பராவுக்கு இல்லை. ஒரே வீட்டுக்குள் நிலையைத் தாண்டினால் இருட்டு.

இருந்த கரண்டும் நோஞ்சான் கரண்ட். பல்பு மஞ்சள் புழுவைப்போல நெளியும். ஃப்ரீசர் முக்கி முனகித்தான் ஓடும். திருவிழாவுக்கு விற்கவென்று அதற்குள் கோழியை அடைத்து வைத்திருந்தான் கஜேந்திரன். மிஷினையும் ஃப்ரீசரையும் சேர்த்துப் போட்டால் ஃப்ரீசர் நின்றுவிடும். அதனால் அம்மா மருந்து பிடிக்கும் நேரத்துக்கு அதை நிறுத்த வேண்டியிருந்தது. அந்தக் கொஞ்ச நேரமும் அவன் கடைக்குள் நெருப்பை மிதித்தவன் மாதிரி நடப்பான்.

"அத்தைய கடைக் காம்பராவுல படுக்க வச்சிருவோம். வயரே வேணாம்," என்று நிலக்ஷி முதல் நாளே சொன்னாள்.

"இருமிக்கிட்டும் துப்பிக்கிட்டும் கெடக்கிற ஆளக் கடைக்குள்ள போட்டா எவன் வந்து கோழி வாங்குவான்?" என்றான்.

நிலைக்கு அந்தப் பக்கம் லெட்சுமி விழித்துத்தான் கிடந்தாள். காது நன்றாகக் கேட்கும் அவளுக்கு.

லெட்சுமி ஒன்றும் தேனாய்ப் பேசும் மாமியார் அல்ல. பிள்ளை இல்லை என்று நிலக்ஷியைப் பல வருஷம் குத்திக் காட்டியவள். ஒருநாள் என்ன நினைத்தாளோ, அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு இருவருக்கும் ஒருவிதமாய் ஒத்துப்போனது. சுத்தம் என்றால் லெட்சுமிக்கு உயிர். பனிக்குளிரிலும் விடியுமுன் குளித்துவிடுவாள். படுத்த பிறகும் துப்பும் டின்னை நிலக்ஷி கழுவிக் கொண்டு வந்தால், முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள். கொழும்பிலிருந்து சின்ன மகன் லோஜன் வாங்கி அனுப்பிய மிஷின் மோட்டார் சைக்கிளைப்போலச் சத்தம் போடும். மாஸ்க்கை மாட்டுமுன், "நான் ஹட்டனுக்குப் போய்ட்டு வந்துர்றேன்," என்று சொல்லிச் சிரிப்பாள்.

இன்று காலை வேலைப் பெரட்டுக்குப் போகுமுன் நிலக்ஷி கிண்ணத்தில் மருந்தை ஊற்றி வைத்துவிட்டு, "மூச்சு இழுக்குது. முழுசா முடியிற வரைக்கும் மிஷின நிப்பாட்டாதீங்க," என்று கஜேந்திரனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவன் இப்போது ரோட்டுப் பக்கமிருந்து உள்ளே வந்தான். கையில் யாருக்கோ சாமான் சுற்றிக் கொடுத்த காகிதத் துண்டு இருந்தது. நிலக்ஷியின் முகத்தைப் பார்த்தான். அப்புறம் கட்டிலைப் பார்த்தான்.

"அம்மா தூங்குதுன்னு நெனச்சேன்."

அவள் ஃப்ரீசரின் மூடியைப் பார்த்தாள்.

"பாதி புடிச்சிருச்சு. மூச்சு நல்லாத்தான் விட்டுச்சு. கோழி ஒழுக ஆரம்பிச்சிருச்சு நிலக்ஷி, தரையெல்லாம் தண்ணி. ஒரு அஞ்சு நிமிசத்துக்குன்னுதான் கழட்டுனேன். அதுக்குள்ள பஸ்ல ஆளுங்க வந்து எறங்கிட்டாங்க. சாமான் கேட்டாங்க..."

அஞ்சு நிமிஷத்துக்குக் கழற்றுகிறவன் வயரைச் சுருட்டி முடிச்சுப் போட்டு வைப்பானா? நிலக்ஷி அதைக் கேட்கவில்லை. அவனே அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தான். ஓடிப்போய் அந்தச் சுருளை எடுத்து கோதுமை மாச்சாக்குக்குப் பின்னால் எறிந்தான். பிறகு திரும்பி வந்து அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தான். அழுகை வருமுன் அவன் சொன்னது ஒன்றுதான்.

"லோஜன்கிட்ட சொல்லிப்புடாத."

அதற்குப் பிறகு வாய்விட்டு அழுதான். சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. மூக்கிலிருந்து ஒழுகியதைத் துடைக்காமலே அம்மாவின் பாதத்தில் முகத்தை வைத்தான். நிலக்ஷி குனிந்தாள். முந்தானையால் அந்தப் பாதத்தைத் துடைத்தாள்.

ஆட்கள் வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஜீவராணிதான் முதலில் வந்தாள். கட்டிலைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டவள், அழுதபடியே நிலக்ஷியின் இடுப்புப் படங்கை அவிழ்த்து மூலையில் போட்டாள். பிறகு பெண்கள் நிறைந்தார்கள். மலர்ச்சாலைக்கு ஆள் போனது. உடலை ஹட்டனுக்குக் கொண்டுபோய், மருந்தேற்றி, வெள்ளைச் சேலை உடுத்திப் பெட்டியில் வைத்துப் பொழுது சாய்கையில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அதே வேனில் கஜேந்திரன் ஒரு ஜெனரேட்டரையும் ஏற்றி வந்திருந்தான்.

அதை இஸ்தோப்புக்கு வெளியே வைத்து இழுத்து விட்டதும் லயமே அதிர்ந்தது. அம்மா படுத்திருந்த இருட்டுக் காம்பராவில் தலைமாட்டுக்கு ஒன்று, கால்மாட்டுக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று என்று பல்புகள் தொங்கின. பெட்டியைச் சுற்றிக் கலர் பல்பு மாலை ஒன்று ஓடி ஓடி அணைந்தது. வந்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"பெத்தா இப்பிடி ஒரு புள்ளயப் பெக்கணும். இருட்டுல கெடந்த பொம்பளைய எப்பிடி வெளிச்சத்துல வச்சிருக்கான் பாரு," என்று குழிவெட்டும் ஆட்களுக்குத் தலைவரான சின்னத்தம்பி சத்தமாகவே சொன்னார்.

அது கஜேந்திரன் காதில் விழுந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். பணிவாகக் குனிந்த மாதிரியேதான் இருந்தது. ஆனால் ஜெனரேட்டரிலிருந்து அவன் முதல்முதலாய்ச் சொருகிய வயர் எது என்பதை நிலக்ஷி பார்த்திருந்தாள். பல்புகளுக்கு முன்னால் ஃப்ரீசர்தான் உறுமத் தொடங்கியிருந்தது.

அவள் பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். கலர் பல்பின் சிவப்பும் பச்சையும் மாமியாரின் கன்னத்தில் மாறி மாறி விழுந்தன. வயர் இல்லாத நேரத்தில் கட்டிலில் எப்படித் தவித்திருப்பாள்? கூப்பிட்டிருப்பாளா? மூச்சு முட்டுகிறவளுக்குக் கூப்பிடக் குரல் ஏது? மாஸ்க்கை ஏன் கழற்றவில்லை? திரும்ப வந்து போட்டுவிடுவான் என்று காத்திருந்தாளோ. அங்கே போய் நின்றது நிலக்ஷியின் நினைப்பு. அதற்கு மேல் நகரவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஜெனரேட்டர் எண்ணெய் தீர்ந்து நின்றது. பகல் வெளிச்சம்தானே என்று யாரும் திரும்ப இழுத்துவிடவில்லை. லோஜன் காலை ரயிலில் வந்து சேர்ந்தான். ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து த்ரீவீலில் வந்தவன், சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே ஓடி, பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் சத்தம் போட்டு அழவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் நிலக்ஷியின் பக்கம் திரும்பினான்.

"அண்ணி, மிஷின் வேல செஞ்சிச்சா? நல்ல கம்பெனி மிஷின்னு கடைக்காரன் சொல்லித்தான் தந்தான்."

கஜேந்திரன் நிலையில் சாய்ந்து நின்றிருந்தான். நிலக்ஷி அவனைப் பார்க்கவில்லை.

"மிஷின் நல்லாத்தான் இருந்திச்சு தம்பி," என்றாள்.

நிலையில் நின்றவன் மூச்சை விட்டது அவளுக்குக் கேட்டது. அந்த மூச்சுச் சத்தம் அவளை என்னவோ செய்தது. தான் சொன்ன வார்த்தையையே துப்பிவிட வேண்டும் போலிருந்தது.

வெயில் ஏறியது. புயலுக்குப் பிறகு வந்த முதல் வெயில். தகரம் சூடாகச் சூடாக, காம்பராவுக்குள் ஒரு வாடை எழுந்தது. முதலில் லேசாகத்தான். ஜீவராணி சாம்பிராணியை அள்ளிப் போட்டாள். ஊதுபத்தியைக் கட்டோடு கொளுத்தி வாழைக்காயில் குத்தினாள். புகைக்கு அடியில் அந்த வாடை சுருண்டு படுத்திருந்து, புகை கலைந்ததும் தலை தூக்கியது. மாலை போட வந்த பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்தார்கள். ஆண்கள் ஒவ்வொருவராய் வெளியே போய் நின்றார்கள். தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி பெட்டிக்குள் குனிந்தவள், சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள்.

"வெரசா எடுத்துருங்கப்பா," என்றார் சின்னத்தம்பி வாசலில் நின்றபடி. "கெழவிக்குத் தாங்காது. ஒடம்பு ஒடைஞ்சிரும் போல இருக்கு."

லோஜனின் முகம் சிறுத்துப் போனது. "நேத்துத்தானே மருந்து ஏத்துனாங்க? அதுக்குள்ள எப்பிடி?"

"மலர்ச்சாலைக்காரன் ஒழுங்கா செய்யல்ல," என்றான் கஜேந்திரன். "நான் அப்பவே நெனச்சேன். ஏனோதானோன்னு செஞ்சிருக்கான்."

நிலக்ஷி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியும். அந்த வாடை எங்கிருந்து வருகிறதென்று அந்த வீட்டில் அவனைத் தவிர யாருக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும்? ஃப்ரீசர் நோஞ்சான் கரண்டில் உருப்படியாய்க் குளிர்ந்து நாளாகியிருந்தது. நேற்று அந்த வயரைக் கழற்றும்போதே உள்ளே பாதிக் கோழி போயிருக்க வேண்டும்.

பெட்டியில் கிடந்தவளைப் பார்த்தாள். கழுத்து வரைக்கும் மூடிய வெள்ளைச் சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை, நெற்றியில் திருநீறு. துப்புகிற டின்னை முகர்ந்து பார்த்து வாங்கியவள். அவளைச் சுற்றி நின்று ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது.

கஜேந்திரன் அவளைச் சாடையால் கடைக் காம்பராவுக்குள் கூப்பிட்டான். குரலைத் தாழ்த்தினான்.

"தூக்குனதும் அடுப்பு பத்த வைப்பீங்கதானே? இருக்கிற கோழி எல்லாத்தையும் எடுத்து ஜீவராணி அக்கா வீட்டுல வச்சுக் கழுவு. மஞ்சளும் மெளகும் தூக்கலாப் போட்டு, நல்லா மொறுமொறுன்னு வறுத்துரு. வாடை தெரியாது."

"யாருக்கு?"

"குழி வெட்டுனவங்களுக்குத்தான். சாராயத்தோட சாப்பிடுவாங்க. அவங்களுக்கு என்ன தெரியப் போகுது? அப்பிடியே தூக்கிப் போடவா சொல்ற?"

அவன் வாயிலிருந்து வெற்றிலை வாசம் வந்தது. நேற்றிலிருந்து அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அந்த அழுகை பொய்யில்லை என்றும் அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அம்மாவுக்காக நிஜமாய் அழுத அதே மனுஷன் நிஜமாகவே இதையும் சொல்லிக்கொண்டு நிற்கிறான். இத்தனை வருஷம் இந்த ஆள் கை பட்ட சோற்றைத் தின்றோமே, பக்கத்தில் படுத்தோமே என்று உடம்பு கூசியது.

"சரி," என்றாள்.

ஃப்ரீசரின் மூடியைத் திறந்தாள். வாடை முகத்தில் அறைந்தது. கண்ணீர் தானாக வந்தது. அடியில் இளஞ்சிவப்புத் தண்ணீர் கட்டி நின்றது. பைகள் உப்பியிருந்தன. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரு கையாலும் பைகளை வாரி, மாச்சாக்கு ஒன்றுக்குள் போட்டாள். சாக்கு நிறைந்ததும் இழுத்தாள். பின்பக்கமாகப் போகவில்லை. நிலையைத் தாண்டி மாமியாரின் காம்பராவுக்குள்ளே, பெட்டிக்குப் பக்கத்தாலே, உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். தரையில் நீளமாக ஈரக்கோடு விழுந்தது. பெண்கள் காலை மடக்கிக்கொண்டார்கள்.

"ஏய், எங்க கொண்டு போற?" கஜேந்திரன் பின்னாலேயே வந்தான்.

முற்றத்தில், தப்பு அடிக்கிறவர்கள் நெருப்பில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், அவள் சாக்கைக் கவிழ்த்தாள். ஒரு பை பொத்தென்று விழுந்து கிழிந்தது. உள்ளே இருந்தது பச்சை பாரித்துக் கொழகொழவென்று வெளியே வழிந்தது. தப்புக்காரர்கள் எழுந்து பின்னால் போனார்கள். ஒருவன் திரும்பி நின்று ஓங்கரித்தான்.

"எல்லாரும் நல்லா மோந்து பாருங்க," என்றாள் நிலக்ஷி. அவள் குரல் உயரவில்லை. "நாறுறது இதுதான். அத்தை நாறல்ல."

ஜீவராணி வாசலில் வந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

லோஜன் கிட்டே வந்தான். கோழியைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான்.

"இது எப்ப கெட்டுச்சு?"

"புயலுக்கப்புறம் வோல்ட்டேஜ் பத்தல்லடா," என்றான் கஜேந்திரன். "நான் என்ன செய்யட்டும்? எவ்வளவு பாடுபட்டுப் பாத்தேன்..."

"அம்மா காம்பராவுல கரண்டே இல்லன்னு நேத்து போன்ல சொன்னீங்க. அப்ப மிஷின எங்க சொருகுனீங்க?"

கஜேந்திரன் நிலக்ஷியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் முதலில் மிரட்டல் இருந்தது. அது போய்க் கெஞ்சலாயிற்று. அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்கெல்லாம் கொழகொழப்பு.

"ரெண்டுக்கும் ஒரே பிளக்குதான் தம்பி," என்றாள்.

மேட்டு ரோட்டில் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு வளைவைத் தாண்டிப் போனது. சின்னத்தம்பி தலைத்துண்டை அவிழ்த்து, உதறி, மறுபடியும் கட்டினார். லோஜன் நேராக அவரிடம் போய்க் கையை நீட்டினான். அவர் ஒன்றும் கேட்காமல் மண்வெட்டியைக் கொடுத்தார்.

முற்றத்துக்குக் கீழே, தேயிலைக்கும் தண்ணீர்க் கானுக்கும் நடுவில், லோஜன் கொழும்புச் சப்பாத்தோடு நின்று குழி வெட்டினான். யாரும் உதவிக்குப் போகவில்லை. அவன் கேட்கவும் இல்லை. கொட்டிக் கிடந்ததைச் சாக்கோடு உள்ளே தள்ளி, மண்ணை இழுத்துப் போட்டு, மண்வெட்டியின் முதுகால் தட்டினான். திரும்பி வரும்போது அண்ணனைக் கடந்துதான் வரவேண்டியிருந்தது. சுவரைக் கடப்பதுபோலக் கடந்து வந்தான்.

பிறகு எல்லாம் வழக்கம்போல நடந்தது. தப்பு அடித்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். கஜேந்திரன் அரிசியை எடுத்துக்கொண்டு குனிந்தபோது ஜீவராணி முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டாள். பெட்டியைத் தூக்கும் நேரம் முன் கைப்பிடியைப் பிடிக்க அவன் வந்தான். அங்கே ஏற்கெனவே லோஜனும் சின்னத்தம்பியும் நின்றார்கள். அவர்கள் விலகவில்லை. அவன் பின்னால் போனான். பின்னாலும் ஆட்கள் இருந்தார்கள். கடைசியில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கையை மூடிமேல் வைத்தபடி நடந்தான்.

பெண்கள் சந்தி வரைக்கும் போய்த் திரும்பினார்கள். சிலர் காம்பராவைக் கழுவிவிடத் தொடங்கினார்கள். நிலக்ஷி லயத்துக்குக் கீழே தண்ணீர்ப் பீலிக்கு இறங்கினாள். புயல் மண்ணால் அடைத்துப் போயிருந்த பீலியில் தண்ணீர் நூலாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. ஜீவராணி ஒரு வாளியும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வாளியைப் பீலிக்கடியில் வைத்து நிரப்பினாள்.

நிலக்ஷி கையை நீட்டினாள். ஜீவராணி கோப்பையால் மொண்டு ஊற்றினாள். சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். நகக்கண்ணைக் கல்லில் உரசினாள். எதிர்மலையில் தேயிலைக்கு நடுவே வெள்ளைத் துணிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. தப்புச் சத்தம் காற்று திரும்பும்போது கேட்டது, பிறகு கேட்கவில்லை.

"போதுமா புள்ள?" என்றாள் ஜீவராணி.

நிலக்ஷி விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். மறுபடியும் நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கக்கா."